‘கேஸ்’ எங்கே போயிற்று?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், சென்னையில் ஏசி வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரே காட்சி அரங்கேறுகிறது. மழைக்காலமும் பனிக்காலமும் முழுவதும் ஓய்ந்து கிடந்த யந்திரத்தை முதன்முறையாக ஓட்டிப் பார்க்கிறோம். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. சொல்லியனுப்பிய மெக்கானிக் வருகிறார். வெளிச்சுவரில் தொங்கும் பெட்டியோடு கடிகாரம் போன்ற தம் மானியை இணைத்து, முள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, “கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சுடலாம்” என்கிறார். உருளையைத் திறக்கிறார், சிறிது நேரத்தில் அறை குளிர்கிறது. அவருக்கு உரியதைக் கொடுத்தனுப்பிவிட்டு நாமும் அதை மறந்துவிடுகிறோம்.

என் வீட்டிலும் நான்கைந்து கோடைகள் இவ்வாறே கழிந்தபின், ஒரு நாள் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. “ஏன் தம்பி, போன வருஷம் அடித்த கேஸ் எங்கே போயிற்று?” என்று கேட்டேன். “அது அப்படித்தான் சார், ஓட ஓடக் குறையும்” என்றார். ஸ்கூட்டரில் பெட்ரோல் குறைவது போலவா என்று கேட்டதற்கு அவர் சிரித்தாரேயன்றிப் பதில் சொல்லவில்லை. போகும்போது மாத்திரம், “இந்தக் கேஸே இனிமே கிடைக்கறது கஷ்டம் சார், புது மெஷினுக்கெல்லாம் வேற கேஸ்” என்று ஒரு வார்த்தை சொல்லிப்போனார்.

அவர் சிரித்துத் தவிர்த்த வினாவும், போகிற போக்கில் சொல்லிச் சென்ற செய்தியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஓட ஓடக் குறைந்த அந்த வாயு எங்கே போயிற்றோ, அவ்விடத்தில் அது செய்த காரியத்தின் பொருட்டே உலக நாடுகள் கூடி அதை விலக்கத் தீர்மானித்தன.

ஆவியை இழக்காத பானை

கோடையில் திண்ணை ஓரத்து மணலின்மேல் வைத்த மண்பானையின் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பது நம்மில் எவருக்கும் புதிதன்று. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை அது உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகையால் உள்நீர் குளிர்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரே குறை, ஆவியான நீர் காற்றோடு போய்விடுவதுதான். மறுநாள் காலையில் பானையை மீண்டும் நிரப்ப வேண்டும்.

ஏசி யந்திரம் என்பது தன் ஆவியைக் காற்றுக்கு விட்டுக்கொடுக்காத மண்பானை என்று சொன்னால் பெரும் பிழையாகாது. அறைக்குள் இருக்கும் செப்புக் குழாய்ச் சுருளில் ஒரு திரவம் கொதித்து ஆவியாகி, அறையின் உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. அவ்வாவியை வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரசர் இழுத்து இறுக்குகிறது. இறுக இறுக அதன் உஷ்ணம் ஏறி, சென்னையின் 40 டிகிரி வெயிற்காற்றும் அதனோடு ஒப்பிடக் குளிர்ந்ததாகிவிடுமாதலால், தான் சுமந்து வந்த சூட்டை வெளியே கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகி, நுண்குழாய் வழியே வீட்டுக்குள் திரும்புகிறது. இவ்விதம் ஓயாமல் சுற்றி வரும் பொருளைக் குளிரூட்டி என்று அழைப்போம். மெக்கானிக்குகளின் வழக்கில் அது ‘கேஸ்’; பாதி நேரம் அது வாயுவே அன்று என்பதை அவர்களும் அறிவார்கள்.

நாம் பேசும் குளிரூட்டியின் பெயர் ஆர்-22. திறந்த வெளியில் வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 41 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள் அது. குழாய்க்குள் தக்க அழுத்தத்தில் அடைத்து வைத்தால், ஏறக்குறைய 5 டிகிரியில் கொதிக்கும்படி அதைப் பழக்கலாம். மெக்கானிக்கின் மானியில் முள் 65-க்கும் 70-க்கும் இடையே நின்றால் அவர் முகம் தெளிவதற்குக் காரணம் இதுவே.

செப்புக் குழாய், கம்ப்ரசர், மீண்டும் செப்புக் குழாய் என்னும் இச்சுற்று முற்றிலும் மூடப்பட்டது. இதில் எதுவும் எரிவதில்லை, தேய்வதில்லை, செலவாவதுமில்லை. நம் உடலில் ஓடும் இரத்தத்தை ஆண்டுக்கொரு முறை யாரும் நிரப்புவதில்லை. இரத்தம் குறைந்தால் எங்கோ காயம் என்றே கொள்கிறோம். ஏசியில் ‘கேஸ்’ குறைந்தால் எங்கோ துளை என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பெரும்பாலும் அது குழாயும் பெட்டியும் சேரும் ஃபிளேர் நட்டில் இருக்கும். கடற்காற்று வீசும் பகுதிகளில் உப்பு அரித்த சுருளில் ஊசிமுனைத் துளையாகவும் இருக்கும். சில வீடுகளில் குழாயின்மேல் வெண்பனி படிந்திருப்பதைக் கண்டு, “நன்றாகக் குளிர்கிறது” என்று மகிழ்வார்கள். குளிரூட்டி குறைந்து, சுருள் வேண்டிய அளவுக்கு மேல் குளிர்ந்துபோனதன் அடையாளமாகவே அப்பனி பலபோது தோன்றுகிறது.

ஆகவே போன வருஷம் அடித்த கேஸ் வானத்துக்குப் போயிற்று என்பதே என் வினாவுக்கு விடை.

எண்ணில் எழுதிய ஜாதகம்

இந்த 22 என்னும் எண் ஏதோ தொழிற்சாலைக்காரர் மனம்போன போக்கில் இட்டதன்று. அது அப்பொருளின் ஜாதகம். அதைப் படிக்கும் வழி மிகச் சுலபமானது. எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள், 112 வருகிறது. முதல் இலக்கம் கரி அணுக்களின் தொகை, இரண்டாவது ஹைட்ரஜன் அணுக்களின் தொகை, மூன்றாவது ஃபுளோரின் அணுக்களின் தொகை. ஆக ஆர்-22-இல் கரி ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று, ஃபுளோரின் இரண்டு. கரி அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என்பது பள்ளியில் படித்தது. மூன்று கைகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. நான்காவது கையைப் பற்றியிருப்பவர் யார்? எண்ணில் சொல்லப்படாத அந்த ஆசாமிதான் குளோரின்.

ஒரு காலத்தில் வீட்டுக் குளிர்பெட்டிகளில் ஆட்சி செலுத்திய ஆர்-12-ஐ இவ்வாறே பாருங்கள். 102; கரி ஒன்று, ஹைட்ரஜன் இல்லை, ஃபுளோரின் இரண்டு. மிஞ்சிய இரு கைகளிலும் குளோரின். இன்று கடைகளில் விற்கும் ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32-க்கு 122. இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளோரின், குளோரினுக்கு இடமே இல்லை. ஆர்-290-க்கு 380, கரி மூன்று, ஹைட்ரஜன் எட்டு, வேறொன்றுமில்லை. இது நமக்குப் பழக்கமான புரொப்பேன். சமையல் வாயு உருளையில் இருப்பவற்றுள் ஒன்று. (400-இல் தொடங்கும் எண்கள் கலவைகளுக்கு உரியவை, அவற்றுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது.) யந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, குளோரின் உள்ளதா, இல்லையா என்பதை இனி நீங்களே சொல்லிவிடலாம்.

குளோரின் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு முன், அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் எதன்பொருட்டு வைத்தார் என்று அறிவது நியாயம்.

மெழுகுவர்த்தியை அணைத்த மூச்சு

1920-களில் குளிர்பெட்டி என்பது வீட்டுக்குள் வைக்க அஞ்சத்தக்க பண்டமாக இருந்தது. அக்காலத்துக் குளிரூட்டிகளான அம்மோனியாவும் கந்தக டையாக்சைடும் மீதைல் குளோரைடும் நச்சு வாயுக்கள். இரவில் குழாய் கசிந்து, உறக்கத்திலேயே குடும்பங்கள் மாண்ட செய்திகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்திரிகைகளில் வந்தவண்ணம் இருந்தன. பெர்லினில் அவ்வாறு ஒரு குடும்பம் மடிந்ததைப் படித்து மனம் வருந்திய ஐன்ஸ்டைன், ஸிலார்டு என்னும் இளம் விஞ்ஞானியுடன் சேர்ந்து, அசையும் உறுப்புகளே இல்லாத குளிர்பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி.

விடை கண்டவர் வேறொருவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, நஞ்சும் இல்லாத, தீயும் பற்றாத ஒரு குளிரூட்டியைத் தேடி, 1928-இல் கரி, குளோரின், ஃபுளோரின் மூன்றும் சேர்ந்த வாயுவை எட்டினார். 1930-இல் அமெரிக்க ரசாயன சங்கத்தின் கூட்டத்தில் அவர் அவ்வாயுவை நெஞ்சு நிறைய உள்ளிழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின்மேல் மெல்ல ஊதினார். சுடர் அணைந்தது; அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரே மூச்சில் இரு குணங்களையும் மெய்ப்பித்துக் காட்டிய அந்த நிரூபணத்துக்கு இணையான ஒன்றை விஞ்ஞான வரலாற்றில் காண்பது அரிது. அவ்வாயுதான் ஆர்-12, ஃபிரியான் என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. ஆர்-22 அதே குடும்பத்தில் சில ஆண்டுகள் பின்னர் வந்த தம்பி.

மிட்ஜ்லியைப் பின்னாளில் பலர் தூற்றினார்கள். பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் அவரே என்பதால் அவ்வசைக்கு ஓரளவு இடமும் உண்டு. எனினும் குளிரூட்டி விஷயத்தில் அவரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. எத்தனையோ வீடுகளை நஞ்சிலிருந்து காத்த வாயு அது. எதனோடும் கூடாமல், எதனாலும் சிதையாமல் இருப்பதே அதன் சிறப்பு என்று எண்ணப்பட்டது. அச்சிறப்பே அதன் குற்றமாக முடியும் என்பதை அன்று அறிந்தவர் ஒருவருமில்லை.

கனத்த வாயு மேலே ஏறியது எவ்வாறு?

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஆர்-22 காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானது. கனமான வாயு தரையில் தேங்குமேயன்றி வானுக்கு எப்படி ஏறும்?

காப்பித் தம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரை காப்பியைவிடக் கனமானதுதான். ஆயினும் நன்றாக ஆற்றிய காப்பியில் மேல்வாய் இனிப்பாகவும் அடிவாய் இன்னும் இனிப்பாகவும் இருப்பதில்லை. பூமியைச் சுற்றியுள்ள வாயுமண்டலம் இரவும் பகலும் ஆற்றப்படுகிற காப்பி. காற்றும் புயலும் வெயிலும் அதை ஓயாமல் புரட்டிக்கொண்டிருப்பதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரையில் கனத்தது கீழே, இலேசானது மேலே என்னும் பிரிவினை ஏற்படுவதே இல்லை. இன்னொரு செய்தியும் உண்டு. அது நமக்கு அணுக்கமானது. கீழ்க்காற்று மேல்மண்டலத்துக்குள் நுழையும் பெருவாயில் பூமத்திய ரேகையை அடுத்த வெப்ப மண்டலத்திலேயே இருக்கிறது. அங்கே எழும் காற்று உயரே சென்று, துருவங்களை நோக்கி மெல்லப் பரவி, பின்பு இறங்குகிறது.

காற்று அவ்வாறு ஏறிச் செல்லும் உயரத்தில், தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் வரையில், ஓசோன் பரவியிருக்கிறது. பிராணவாயுவின் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடுவதற்குப் பதிலாக மும்மூன்றாகக் கூடியதே ஓசோன். சூரியனின் புறஊதாக் கதிர்களில் தோலையும் கண்ணையும் பயிரையும் கெடுக்கவல்ல பகுதியை அது வடிகட்டிவிடுகிறது. அத்தனை உயரத்தில் பரந்திருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொணர்ந்து, இங்குள்ள காற்றழுத்தத்தில் பரப்பினால் அதன் கனம் 3 மில்லிமீட்டர் தேறும். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கினாற்போல.

மிட்ஜ்லியின் வாயு கீழே எதனாலும் சிதையாமல் அவ்வுயரத்தை அடைந்ததும், கடுமையான புறஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. அக்குளோரின் ஓர் ஓசோனிலிருந்து ஓர் அணுவைப் பறிக்கிறது. பறித்ததை வேறோர் அணுவிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு அடுத்த ஓசோனை நாடுகிறது. தான் மாறாமல் பிறவற்றை மாற்றிக்கொண்டே போகும் இத்தகைய பொருளை வினையூக்கி என்பார்கள். ஒரு குளோரின் அணு ஓய்வதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரையில் அழிக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கிலேயர், 1971-இல் தொடங்கிய தம் கப்பற்பயணத்தில் தாமே செய்த நுண்கருவியைக் கொண்டு, அட்லாண்டிக் கடலின் நடுவிலும் இவ்வகை வாயு இருப்பதைக் கண்டார். ஆனால் இதனால் தீங்கேதும் இல்லை என்றே எழுதினார். அவ்வளவும் முடிவில் எங்கே போகும் என்று வினவியவர்கள் கலிபோர்னியாவில் இருந்த ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும். 1974-இல் அவர்கள் வெளியிட்ட விடை பல ஆண்டுகள் வாதப்பொருளாகக் கிடந்தது. 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் என்னும் மூவர், அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடா நிலையத்தில் வசந்தகால ஓசோன் பெரிதும் குறைந்துவிட்டதை அளந்து அறிவித்தபின் வாதம் ஓய்ந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. நோபெல் பரிசு 1995-இல்தான் ரோலண்டுக்கும் மொலினாவுக்கும், ஓசோன் ஆராய்ச்சியில் அவர்களுக்கு முன்னோடியான பால் குருட்சனுக்கும் கிடைத்தது.

இடைக்காலப் பரிகாரம்

ஆர்-12 போன்றவை நம் நாட்டில் 2010 பிறப்பதற்குள் விலக்கப்பட்டுவிட்டன. (அவற்றைச் செய்த ஆலைகளுள் ஒன்று நம் மேட்டூரிலேயே இருந்தது.) ஆர்-22-க்கு மட்டும் நீண்ட தவணை கொடுத்தார்கள். ஏன் அந்தப் பட்சபாதம்?

ஜாதகத்தை மறுபடியும் பாருங்கள். ஆர்-22-இல் ஹைட்ரஜன் ஒன்று இருக்கிறது. வாயுமண்டலத்தின் கீழ்ப்பகுதியிலேயே சுற்றித்திரியும் சில மூலக்கூறுகள் அந்த ஹைட்ரஜனைப் பற்றியிழுத்து வாயுவைச் சிதைத்துவிடுகின்றன. ஆகையால் ஆர்-12 நூறாண்டளவு தாக்குப்பிடிக்க, ஆர்-22 பன்னிரண்டு ஆண்டளவில் அழிந்துவிடுகிறது. ஓசோன் வரை சென்று சேர்வது ஒரு சிறு பகுதியே. பழைய ஆர்-11 என்னும் வாயுவின் கேட்டை 1 என்று வைத்தால் ஆர்-22-இன் கேடு 0.055 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். மூழ்குகிறவன் பற்றிக்கொள்ளும் கட்டையைப்போல், மேலானது கிடைக்கும் வரையில் இது இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

கட்டையைப் பற்றியவர்கள் கரையேற அவசரப்படவில்லை என்பதுதான் பின்னர் நேர்ந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் ஏசி பெருகப் பெருக ஆர்-22-உம் பெருகிற்று. எனவே 2007-இல் நாடுகள் மீண்டும் கூடித் தவணையைக் குறுக்கின. வளர்ந்துவரும் நாடுகளுக்கு வகுத்த கால அட்டவணை இது: 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்டு, 2013-இல் அந்த அளவில் நிறுத்தல்; 2015-இல் 10 சதவிகிதம் குறைத்தல்; 2020-இல் 35; 2025-இல் 67.5, 2030-இல் முற்றாக நிறுத்தல். பழைய யந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்கென்று மட்டும் 2040 வரை சராசரி 2.5 சதவிகிதம் விட்டுவைப்பார்கள். 2024-ஆம் ஆண்டோடு இந்தியாவில் இவ்வகை வாயுக்களைக் கொண்டு புதிய யந்திரங்கள் செய்வதும் நின்றது. “கிடைக்கறது கஷ்டம் சார்” என்று மெக்கானிக் சொன்னதன் பின்னணி இவ்வளவே.

ஒரு வீட்டுக் கணக்கு

இனி என் வீட்டு யந்திரத்தை ஒத்த ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி. (டன் என்பது யந்திரத்தின் எடையன்று, ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டியை உருக்கும் உஷ்ணத்தை வெளியேற்றவல்லது என்று பொருள். பனிக்கட்டி வியாபாரம் மறைந்தும் அதன் அளவை மறையவில்லை.) இதில் இருக்கும் ஆர்-22 சுமார் ஒரு கிலோ என்று வைப்போம். ஃபிளேர் நட்டில் கசிவு. ஒவ்வொரு கோடையிலும் அரைக் கிலோ அடிக்கிறார்கள். பத்தாண்டில் வானுக்குச் சென்றது ஐந்து கிலோ. பதினோராம் ஆண்டில் யந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கிறோம். அவர் குழாயை வெட்டியதும் மீதி ஒரு கிலோவும் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. ஆக மொத்தம் ஆறு கிலோ.

ஆர்-22-இன் எடையில் 41 சதவிகிதம் குளோரின். ஆறு கிலோவில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. ஆயினும் பெரும்பகுதி கீழேயே சிதைந்துவிடுவதால், ஓசோனுக்கு இழைத்த கேடு 330 கிராம் ஆர்-11 செய்யும் கேட்டுக்கு ஒப்பானது. ஒரு வீட்டளவில் இது சிறிதாகவே தோன்றும். கோடிக்கணக்கான யந்திரங்களால் பெருக்கினால் சிறிதன்று.

வியப்பு வேறொரு பத்தியில் காத்திருக்கிறது. இவ்வாயுக்கள் பூமியின் உஷ்ணத்தை வெளியேறவிடாமல் போர்வைபோல் மூடுவனவும்கூட. அந்த விஷயத்தில் ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆறு கிலோவுக்கு ஏறக்குறைய 11 டன். அதே யந்திரம் நாளொன்றுக்கு 12 யூனிட் வீதம் ஆண்டில் 120 நாள் ஓடுகிறது என்று கொண்டால், பத்தாண்டில் 14,400 யூனிட் மின்சாரம் செலவாகும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அதுவும் ஏறக்குறைய 11 டன்தான். மின்சாரக் கட்டணம் இரண்டு மாதத்துக்கொருமுறை வந்து நம்மை உறுத்துகிறது. ஆகவே விளக்கை அணைக்கிறோம், ஐந்து நட்சத்திர யந்திரம் வாங்குகிறோம். அதற்கு நிகரான மற்றொரு பாரம், இரண்டு விரற்கடை நீளமுள்ள ஒரு பித்தளை நட்டின் வழியாக, கட்டணச் சீட்டு ஏதுமின்றிப் போய்க்கொண்டிருந்தது.

பதிலாக வந்தவை

ஆர்-22-க்கு மாற்றாக முதலில் வந்தது ஆர்-410ஏ என்னும் கலவை. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பழைய யந்திரத்தில் அதை ஊற்றமுடியாது. அது ஆர்-22-ஐவிட ஏறக்குறைய 60 சதவிகிதம் மிகுந்த அழுத்தத்தில் வேலை செய்வது. பழைய கம்ப்ரசரில் உள்ள கனிம எண்ணெயோடு கலவாதது. “எந்தக் கேஸாயிருந்தால் என்ன, அடித்துவிடுங்கள்” என்று சொல்லும் வீட்டுக்காரர்கள், யந்திரத்தோடு மெக்கானிக்கின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். மேலும், பூமியைச் சூடேற்றுவதில் ஆர்-410ஏ தன் முன்னோனையும் மிஞ்சியது. கரியமில வாயுக் கணக்கில் ஆர்-22-க்கு 1,810 என்றால் இதற்கு 2,088. ஒரு பிணிக்குக் கொடுத்த மருந்து மற்றொரு பிணியை வளர்த்த கதையாயிற்று. ஆகவே 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்படிக்கையைத் திருத்தி, இவ்வகை வாயுக்களையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2028-இல் ஓர் அளவில் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவிகிதம் குறைக்கவேண்டும்.

இப்பொழுது சந்தையில் மலிந்திருக்கும் ஆர்-32-க்கு அக்கணக்கில் 675. முன்னவற்றுக்கு இது மேல், சிறிதே தீப்பற்றும். ஓசோனுக்கும் பூமிக்கும் ஏறத்தாழத் தீங்கே செய்யாதது ஆர்-290, அதாவது புரொப்பேன். அது கொதிக்கும் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி. ஆர்-22-ஐ ஏறக்குறைய அப்படியே ஒத்தது. 2012-ஐ ஒட்டிக் கோத்ரெஜ் நிறுவனம் ஜெர்மானிய உதவியோடு இவ்வகை ஏசியை நம் நாட்டில் செய்து விற்கத் தொடங்கியது. மிட்ஜ்லிக்கு முன்பே, 1920-களில், புரொப்பேனைக் குளிரூட்டியாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நூறாண்டு ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே வந்திருக்கிறோம்.

தீப்பற்றும் வாயுவைப் படுக்கையறையில் வைப்பதா? அச்சம் நியாயமானது, அளவைப் பார்த்தால் தணியக்கூடியது. ஒன்றரை டன் புரொப்பேன் ஏசியில் இருப்பது 350 கிராம் அளவில். அடுப்படியில் நிற்கும் 14.2 கிலோ உருளையில் நாற்பதில் ஒரு பங்கு. பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரம் என்று கொண்டால், அவ்வளவும் கசிந்து சீராகப் பரவினாலும், ஒரு கன மீட்டர் காற்றில் 10 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். தீப்பற்ற 38 கிராம் வேண்டும். ஆனால் ‘சீராகப் பரவினால்’ என்னும் நிபந்தனையை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. அசைவற்ற அறையில் தரையோரம் தேங்கக்கூடும். சமையல் வாயுவுக்கு எச்சரிக்கையாகக் கலக்கும் நாற்றமும் இதற்குக் கிடையாது. அதற்கென்றே வகுத்த யந்திரத்தில், பயிற்சி பெற்றவர் கையால் நிரப்பப்பட்டால் அஞ்சவேண்டியதில்லை. பழைய ஆர்-22 யந்திரத்தில் அதை நிரப்புவது மட்டும் கூடவே கூடாது. பொறி பறக்கும் மின்னிணைப்புகளை வாயுவிலிருந்து ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்புறச் சீட்டைப் படித்துப் பாருங்கள். அதில் ஆர்-600ஏ என்றிருந்தால், தீப்பற்றும் ஐசோபியூட்டேனோடு நீங்கள் நெடுநாளாகச் சுகமாகக் குடித்தனம் செய்துவருகிறீர்கள்.

நட்டின் முனையில்

ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது. இப்போதைய கட்டுப்பாடுகள் நீடித்தால், உலகின் பெரும்பகுதியில் 2040-ஐ ஒட்டியும், அண்டார்டிகாவின்மேல் 2066-ஐ ஒட்டியும் அது 1980-இல் இருந்த நிலையை அடையும் என்று உலக விஞ்ஞானிகளின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. உலக நாடுகள் அனைத்தும் ஒன்றுவிடாமல் ஏற்றது மாண்ட்ரீல் உடன்படிக்கை. அதன் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

எனினும் உடன்படிக்கை கட்டுப்படுத்துவது ஆலையில் செய்யும் வாயுவையும் துறைமுகத்தில் இறங்கும் வாயுவையுமே. ஏற்கனவே நம் சுவர்களில் தொங்கும் யந்திரங்களுக்குள் அடைபட்டிருக்கும் ஆர்-22-ஐ அது எட்டுவதில்லை. அது தங்குவதும் வெளியேறுவதும் மெக்கானிக்கின் கையிலும், அவருக்குக் கூலி கொடுக்கும் நம் கையிலும் இருக்கின்றன. நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று சோதிப்பதும், துளையை அடைப்பதும், வேக்யூம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவதும், பிறகு தராசில் நிறுத்து உரிய அளவு நிரப்புவதும் ஒரு முழுப் பொழுதின் வேலை. மானியைப் பார்த்துக் கால்மணி நேரத்தில் ‘அடித்துவிட்டு’ப் போவதற்கும் அதே கூலிதான் கொடுப்போம் என்றால், அவர் எதைச் செய்வார்? அவரை நோவதில் பயனில்லை. என் வீட்டுக்கு வந்த இளைஞர், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குரியதைத் தருகிறேன் என்றதும், உட்கார்ந்து நட்டைக் கண்டுபிடித்தார். செப்புக் குழாயின் விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. அதை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டியபின் இரண்டு கோடைகள் சென்றன. உருளை என் வீட்டுப் படியேறவில்லை.

பழைய யந்திரத்தைக் கழற்றும் நாள் வந்தால், உள்ளே இருக்கும் வாயுவைக் குழாய் வெட்டித் திறந்துவிடாமல், மீட்கும் பம்பின் வழியாக உருளையில் பிடித்துக்கொள்பவரைத் தேடிக் கூப்பிடுங்கள். அடுத்த பங்குனியில் குளிர் வரவில்லையென்றால், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து வையுங்கள். மெக்கானிக் உருளையை இறக்குமுன் அதை அவர் கையில் கொடுத்து, எந்த இணைப்பில் குமிழி கிளம்புகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.